ஜெர்மன் ஊர்ப் பெயர்களின் ஈறுகள் எங்கிருந்து வந்தன?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகள் டோர்ட்முண்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வரைபடத்தைப் பார்த்தால் சுற்றிலும் போஹும், பொட்ரோப், ரெக்லிங்ஹௌசன், டூஸல்டோர்ஃப். தெற்கே போனால் டூபிங்கன், மன்ஹைம். கிழக்கே போனால் கெம்னிட்ஸ், பாங்கோ. இந்த முடிவுகளுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இன்னொன்று என்று நினைக்கிறேன்: ஒரு பெயர் எப்படி முடிகிறது என்பதை வைத்தே அந்த ஊரை யார், எந்தக் காலத்தில் உண்டாக்கினார்கள் என்று சொல்லிவிடலாமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு ‘ஓரளவு’ என்றுதான் சொல்ல முடியும். டோர்ட்முண்டில் வரும் ‘முண்ட்’ வாய் என்கிறது அகராதி, அப்படியானால் ஆறு எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள். சில விஷயங்களைச் சொன்ன பிறகுதான் அது விளங்கும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் ஜெர்மனியில் ஜெர்மானிய மொழி வரலாறு படித்தேன். பிறகு பல ஆண்டுகள் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய பத்திரங்களைப் படித்து அட்டவணைப்படுத்தும் வேலை பார்த்தேன். ஜெர்மானியப் பெயர்களைப் பற்றிக் கீழே சொல்வது அந்தப் பயிற்சியிலிருந்து வருவது. கிழக்குப் பெயர்களில் கலந்திருக்கும் ஸ்லாவிய மொழிகள் (போலிஷ், செக் போன்றவற்றின் குடும்பம்) என் துறை அல்ல. அந்தப் பகுதியில் அத்துறை அறிஞர்களின் பொதுக் கருத்தையே சொல்கிறேன்.

மிகப் பழைய அடுக்கிலிருந்து தொடங்குவோம். தென்மேற்கில் ‘-இங்கன்’, பவேரியாவில் ‘-இங்’. ஓர் ஆளின் பெயரோடு ‘-இங்’ சேர்ந்தால் ‘அவரைச் சேர்ந்தவர்கள்’ என்று பொருள். ஸிக்மாரிங்கன் என்றால் ‘ஸிக்மாரின் ஆட்களிடத்தில்’. இறுதியில் வரும் ‘-என்’ ஒரு வேற்றுமை உருபு. ‘எங்கே இருக்கிறாய்?’ என்ற கேள்விக்குச் சொன்ன பதில், உருபோடு சேர்த்தே ஊர்ப் பெயராக உறைந்துவிட்டது. ஜெர்மன் ஊர்ப் பெயர்களில் பாதிக்கு இந்த ஒரு விஷயமே திறவுகோல். ‘-ஹௌசன்’ என்றால் ‘வீடுகளிடத்தில்’, ‘-கிர்ஹன்’ என்றால் ‘தேவாலயங்களிடத்தில்’, ‘-ஹோஃபன்’ என்றால் ‘பண்ணைகளிடத்தில்’. நாம் மியூனிக் என்று சொல்லும் நகரம் 1158ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘முனிஹன்’ என்று வருகிறது. அதன் பொருள் ‘துறவிகளிடத்தில்’. உங்கள் பக்கத்து ஊரான ரெக்லிங்ஹௌசனில் இரண்டு ஈறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டு வடிவம் ‘ரிகோல்டிங்ஹூஸொன்’, அதாவது ரிகோல்டின் ஆட்களுடைய வீடுகளிடத்தில்.

‘-இங்கன்’ ஊர்கள் பழையவை என்பதற்கு மொழிக்கு வெளியிலும் சான்று உண்டு. வூர்ட்டம்பெர்க், பவேரியா பகுதிகளில் இப்படி முடியும் பல ஊர்களின் ஓரத்தில், 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்ட, வரிசை வரிசையாகத் தோண்டிய கல்லறைகளை அகழ்வாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா ‘-இங்கன்’னுக்கும் முன்னால் ஆள் பெயர் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 953இல் ‘குடிங்கி’ என்று எழுதப்பட்ட கோட்டிங்கனுக்கு அங்கே ஓடிய கோட்டெ என்ற ஓடைதான் பெயர் கொடுத்தது.

‘-ஹைம்’ என்றால் இருப்பிடம், வீடு. ஆங்கில ஊர்ப் பெயர்களில் வரும் ‘-ஹாம்’ இதன் உடன்பிறப்பு. லோர்ஷ் மடத்துக்கு நிலம் எழுதிவைத்த 766ஆம் ஆண்டுக் குறிப்பில் மன்ஹைம் வருகிறது. அந்த அளவில் சந்தேகம் இல்லை. சந்தேகம் தொடங்குவது, ‘-ஹைம் என்றால் ஃபிராங்கியர், -இங்கன் என்றால் அலமானியர்’ என்று இனவாரியாகப் பிரிக்கும்போதுதான். மார்பூர்க் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆர்னோல்டு 1875இல் இந்தப் பிரிவை முன்வைத்தார். அழகான, எளிதான கோட்பாடு. பள்ளிப் புத்தகங்களிலும் ஊர் வரலாறுகளிலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஆய்வில் அது நிற்கவில்லை. ஒரே ஈறை எல்லா இனத்தாரும் பயன்படுத்தினார்கள். எந்தக் காலத்தில் எந்த ஈறு வழக்கில் ஓங்கியிருந்தது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறியது. அந்தப் பழைய கோட்பாட்டில் ஒரு பகுதி மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நார்ட்ஹைம், ஸொண்ட்ஹைம், ஒஸ்ட்ஹைம், வெஸ்ட்ஹைம் என்று திசைகளை வைத்தே கூட்டமாகப் பெயரிட்ட ஊர்கள் உண்டு. அவை ஃபிராங்கிய அரசு திட்டமிட்டுக் குடியேற்றியவை என்பது ஒரு தரப்பு. சில பகுதிகளுக்கு அது பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். எல்லா இடத்துக்கும் அதை நீட்டுவதற்குச் சான்று போதாது.

இப்போது உங்கள் மகள் இருக்கும் பகுதிக்கு வருவோம். வடக்கு ஜெர்மனியின் பழைய பேச்சு கீழ் ஜெர்மன். தெற்கில் நடந்த மெய்யொலி மாற்றம் அங்கே நடக்கவில்லை. அதனால் ஒரே ஈறு இரண்டு உடையில் திரிகிறது. தெற்கின் ‘-பாஹ்’, அதாவது ஓடை, வடக்கில் ‘-பெக்’. தெற்கின் ‘-டோர்ஃப்’, அதாவது சிற்றூர், வடக்கில் ‘-டோர்ப்’. வெஸ்ட்ஃபாலியாவில் இந்த ‘டோர்ப்’ இன்னொரு படி போனது. தசை சதையானதுபோல ஒலிகள் இடம் மாறி ‘-ட்ரோப்’ ஆயிற்று. பொட்ரோப், வால்ட்ரோப், காஸ்ட்ரோப் எல்லாம் டூஸல்டோர்ஃபின் சொந்தக்காரர்கள்தான். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்கு மகள் நிச்சயம் ஒரு நாள் போவார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஈழத் தமிழர்கள் தேர் பார்க்க வரும் அந்தக் கோயில் நிற்கும் பகுதியின் பெயர் ஊன்ட்ரோப். அந்தக் கடைசி அசையும் ‘டோர்ஃப்’தான்.

தேய்மானம் இதோடு நிற்கவில்லை. ‘-ஹைம்’ வடக்கில் ‘-ஹெம்’ ஆகி, பல இடங்களில் ‘-உம்’ என்று சுருங்கியது. போஹுமின் வால் அதுதான். 11ஆம் நூற்றாண்டில் முழு ‘ஹைம்’ எழுதியிருக்கிறார்கள். ‘-ஹௌசன்’ ஈறின் வடக்கு வடிவமான ‘-ஹூசன்’ கீழ் சாக்ஸனியில் பல இடங்களில் வெறும் ‘-ஸன்’ ஆகிவிட்டது. அடெலெப்ஸன் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்தால் அதில் வீடு ஒன்றும் தெரியாது. பழைய வடிவமான ‘எதெல்லேவெஸ்ஹூசன்’ கிடைத்த பிறகுதான் தெரிகிறது.

காப்பகத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது ‘-லேபன்’ பற்றித்தான். இன்றைய ஜெர்மனில் ‘லேபன்’ என்றால் வாழ்க்கை. மார்ட்டின் லூதர் 1483இல் பிறந்ததும் 1546இல் இறந்ததும் ஐஸ்லேபனில். அந்த ஊரையும் அஷெர்ஸ்லேபன், ஓஷெர்ஸ்லேபன் போன்ற ஊர்களையும் வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுப் பேசுபவர்கள் பலர். ஒட்டே இல்லை. இது ‘விட்டுச் செல்லப்பட்டது, வழிவழிச் சொத்து’ என்று பொருள்படும் பழஞ்சொல். ‘தங்கு’ என்ற பொருளில் இன்று வழங்கும் ‘ப்ளைபன்’ இதே வேரிலிருந்து வந்தது. முன்னால் வருவது அநேகமாக எப்போதும் ஓர் ஆளின் பெயர், அவருடைய சொத்து. இதுவரை உறுதி. இந்த ஊர்கள் மாக்டபுர்க் சமவெளியிலிருந்து துரிங்கியா வரை நெருக்கமாக இருக்கின்றன. பிறகு ஒரு பெரிய இடைவெளி. அதன் பின் டென்மார்க்கில் ‘-லெவ்’ என்ற உருவில் மறுபடி தலைகாட்டுகின்றன. வடக்கிலிருந்து ஒரு கூட்டம் தெற்கே நடந்து வந்தபோது ஈறையும் கூடவே கொண்டுவந்தது என்று சிலர் விளக்கினார்கள். வர்னர் என்ற இனத்தின் பெயரைக்கூடச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் ஈறு ஒன்றுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மக்கள் நடந்து வந்த கதையை மட்டும், வேறு சான்று இல்லாமல், நான் ஏற்கத் தயாரில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை காட்டைத் திருத்திய பெயர்கள். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை மக்கள்தொகை பெருகியது. நல்ல மண் எல்லாம் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டிருந்தது. மடங்களும் பிரபுக்களும் உழவர்களுக்குச் சலுகை கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். ‘ரோடன்’ என்றால் வேரோடு பறித்து நிலமாக்குவது. அதிலிருந்து ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் வெர்னிகரோடே, ஓஸ்டரோடே. ரைன் பகுதியில் ஹெர்ட்ஸோகன்ராட். எல்லைக்கு அந்தப்புறம் நெதர்லாந்தில் கெர்க்ராடே. ஃபிராங்கோனியாவில் பைரோய்ட், 1194இல் ‘பையர்ரூட்டெ’, பவேரியர் திருத்திய நிலம். எந்த முறையில் காட்டை அழித்தார்கள் என்பதும் பெயரில் பதிந்திருக்கிறது. ‘-ப்ராண்ட்’ என்றால் தீவைத்தது. ‘-ஹௌ’, ‘-ஷ்லாக்’ என்றால் வெட்டிச் சாய்த்தது. கருங்காட்டுப் பகுதியிலும் அதன் சுற்றிலும் வரும் ‘-ஷ்வாண்ட்’, ‘-ஷ்வெண்ட்’ என்றால் மரப்பட்டையை வளையமாக உரித்துவிட்டு மரம் நின்றபடியே பட்டுப்போகக் காத்திருந்தது. ‘-ஹாகன்’ என்றால் முள்வேலி கட்டி வளைத்தது. அந்த ஊர்களின் உழவர்களுக்குத் தனிச் சட்டமும் கூடுதல் சுதந்திரமும் இருந்தன. ஒரே தெருவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் நீளமான பட்டை நிலம் என்ற அமைப்பைச் சில இடங்களில் இன்றும் காணலாம். காலத்தைப் பொறுத்தவரை, ஒரு குத்துமதிப்புக்கு நம்பிச் சொல்லத்தக்க ஈறுகள் இவைதான். 14ஆம் நூற்றாண்டில் பெருங்கொள்ளைநோயும் விளைச்சல் வீழ்ச்சியும் வந்தபோது முதலில் கைவிடப்பட்டவையும் பெரும்பாலும் இந்த ஏழை மண் ஊர்கள்தாம். ஹார்ட்ஸ் காடுகளில் நடக்கும்போது ‘-ரோடே’ என்ற பெயர் ஒரு புல்வெளிக்கோ காட்டுத் துண்டுக்கோ இருக்கும். ஊர் இருக்காது. அங்கே வந்தால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

இனி எச்சரிக்கை. ஒரே மாதிரி தெரியும் ஈறுகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பீபராஹ் என்ற ஊரின் ‘-ஆஹ்’ பழைய ஜெர்மன் ‘அஹா’, நீர் என்று பொருள். நீர்நாய் போன்ற பீவர் வாழ்ந்த ஓடை. ஆண்டர்னாஹ் என்ற ரைன் நகரத்தின் ‘-ஆஹ்’ அது அல்ல. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் ‘அந்துன்னாகும்’. ‘-ஆகும்’ என்பது கெல்ட்டிய மொழியிலிருந்து இலத்தீனுக்குப் போன உடைமை ஈறு. யூலிஷ், ஸூல்ப்பிஷ் ஆகிய ஊர்களின் ‘-இஷ்’ கூட இதே ஈறின் மிச்சம். பக்கத்தில் உள்ள ரெமாகன் என்ற பெயரில் ‘மாகன்’ இருக்கிறது. இன்றைய ஜெர்மனில் அது வயிறு. அந்தப் பெயரோ ‘ரிகோமாகுஸ்’ என்ற கெல்ட்டியப் பெயர். ‘மாகுஸ்’ என்றால் வெளி, சந்தைத் திடல். ‘-வைலர்’ என்று முடிபவை இலத்தீன் ‘வில்லாரே’, பண்ணையைச் சேர்ந்த குடியிருப்பு. அந்த ஊர்களில் ரோமானியக் குடிகள் விடாமல் வாழ்ந்து வந்தார்கள் என்று முன்பு நம்பினார்கள். சொல் இலத்தீன்தான், ஆனால் ஊர்களில் பெரும்பாலானவை ஃபிராங்கிய அரசர் காலத்தவை என்பதே இன்று வலுவான கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

கிழக்கில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது. லூபெக்கைப் பார்த்ததும் ‘-பெக்’, ஓடை என்று சொல்லத் தோன்றும். அது ‘லியுபிட்சே’ என்ற ஸ்லாவியப் பெயர். பாட்ஸ்டாம் ஆம்ஸ்டர்டாம் போல அணைக்கட்டு ஊர் அல்ல. 993இல் ‘பொஸ்துபிமி’ என்று எழுதப்பட்ட ஸ்லாவியப் பெயர். ரோஸ்டோக்கில் ரோஜாவும் இல்லை, குச்சியும் இல்லை. நீர் பிரிந்து அகலும் இடம் என்பது ஸ்லாவியப் பொருள். எல்ப, ஸாலெ ஆறுகளுக்குக் கிழக்கே ஸ்லாவிய மக்கள் வாழ்ந்த நிலத்தில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் குடியேற்றம் பெருகியது. வந்தவர்கள் பெரும்பாலும் பழைய பெயரை விட்டுவைத்தார்கள், தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். ‘-இட்ஸ்’ என்பதில் இரண்டு ஸ்லாவிய ஈறுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று ‘இன்னாரைச் சேர்ந்தவர்கள்’, அதாவது மேற்கின் ‘-இங்கன்’ சொல்லும் அதே பொருள். மற்றொன்று ஆறுகளின் பெயரில் வருவது. கெம்னிட்ஸ் இரண்டாம் வகை, ‘கல் ஓடை’. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழ் கற்று அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸும் ஆற்றின் பெயர் கொண்ட ஊர்தான். ‘-ஓவ்’ என்று எழுதி ‘-ஓ’ என்று சொல்லும் பாங்கோ, டெல்டோ, குஸ்ட்ரோ எல்லாம் இந்தப் பக்கத்தவை. பெர்லினின் ‘-இன்’னும் அப்படியே. சின்னத்தில் கரடி நிற்கிறதே என்பார்கள். பெயரின் ஒலியைக் கேட்டுப் பிறகு வரைந்த கரடி அது. சதுப்பைக் குறிக்கும் ஸ்லாவிய வேரிலிருந்து வந்த பெயர் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஷ்டுட்கார்ட்டின் சின்னத்தில் உள்ள குதிரைக்கு மட்டும் உரிமை உண்டு. அந்தப் பெயருக்குப் பொருளே குதிரை வளர்க்கும் தோட்டம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘-புர்க்’ அரண் உள்ள இடம், ‘-பெர்க்’ குன்று. கோட்டை குன்றின் மேல் இருந்ததால் பழைய எழுத்துகளில் இரண்டும் அடிக்கடி இடம் மாறின. ‘-ஃபுர்ட்’ ஆற்றை இறங்கிக் கடக்கும் துறை. 794இல் எழுதப்பட்ட ஃபிராங்க்ஃபுர்ட் ஃபிராங்கியர் கடந்த துறை. ‘-ஷ்டட்’, ‘-ஷ்டெட்’ இன்று நகரம் என்று தோன்றினாலும் முதலில் வெறும் ‘இடம்’தான். நகரம் என்ற பொருள் இடைக்காலத்தில் பின்னர் ஏறியது. ப்ரௌன்ஷ்வைக்கில் ‘மௌனமாயிரு’ என்ற சொல் தெரிகிறது. பெயரைப் பிரிக்க வேண்டிய இடம் வேறு, ‘ப்ரூனெஸ் + வீக்’. அந்த ‘வீக்’ இலத்தீனிலிருந்து கடன் வாங்கியதா, ஜெர்மானியச் சொல்லே தானா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கோஸ்லார், வெட்ஸ்லார், ஃப்ரிட்ஸ்லார் ஆகியவற்றின் ‘-லார்’ மிகத் தொன்மையானது என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள். பொருளில் உடன்பாடு இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஈறைப் பார்த்து வயது சொல்ல முற்பட்டால் எங்கே சறுக்கும் என்பதற்கு இரண்டு நகரங்கள் போதும். நார்டர்ஷ்டெட் தொன்மையான ஈறு கொண்ட பெயர். நான்கு ஊராட்சிகளை இணைத்து 1970 ஜனவரி 1ஆம் தேதி உருவாக்கிய நகரம் அது. லெவர்குசன் இடைக்காலக் கிராமம்போல ஒலிக்கிறது. கார்ல் லெவர்குஸ் என்ற வேதியியலாளர் அங்கே ஆலை வைத்தார், 1930இல் அவர் பெயரை ஒட்டி நகரத்துக்குப் பெயர் வந்தது. அந்தக் குடும்பப் பெயரே இன்னொரு சிற்றூரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஆகவே நாங்கள் முதலில் செய்வது கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுவது, பிறகு உள்ளூர் முதியவர்கள் பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்பது, கடைசியில் இடத்தைப் போய்ப் பார்ப்பது. பழைய வடிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. லோர்ஷ் மடத்தின் 8ஆம் நூற்றாண்டுக் கொடைகள் நமக்கு 12ஆம் நூற்றாண்டுப் பிரதியில்தான் கிடைக்கின்றன. எழுதியவர் தன் காலத்து வழக்கப்படி பெயரைத் திருத்தியிருக்கலாம். ஓர் ஊர் முதலில் எழுதப்பட்ட ஆண்டு, அது பிறந்த ஆண்டும் அல்ல. யாரோ ஒரு துண்டு நிலத்தை எழுதிவைத்த ஆண்டு அது. ஊர் அதற்கு நூறு ஆண்டு முன்பும் இருந்திருக்கலாம், ஐந்நூறு ஆண்டு முன்பும் இருந்திருக்கலாம்.

இப்போது டோர்ட்முண்ட். ‘முண்ட்’ வாய் என்பது சரி. டிராவெமூண்டெ, வார்னெமூண்டெ ஆகிய கடற்கரை ஊர்களில் அதே சொல் ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கிறது. உங்கள் மகளின் ஊர் அந்த வகை அல்ல. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெர்டன் மடத்தின் வருவாய்ப் பதிவேட்டில் அதன் பெயர் ‘த்ரோட்மன்னி’. அங்கே ‘முண்ட்’டே இல்லை, பிறகு ஒலி திரிந்து வந்தது. ‘த்ரோட்’ தொண்டையைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ‘மன்னி’யை நீரோடு சேர்ப்பவர்களும் உண்டு, குன்றோடு சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டில் எதையும் மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படி யாரும் நிறுவவில்லை. முகத்துவாரம் இல்லை என்பதை மட்டும் மகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.